பாவுக்குக் கீழே

"பின்சந்து வழியா எடுத்துக்கினு போயிடலாம்மா. தெருவுல பாவு நீட்டிட்டாங்க," என்றார் ஆதிகேசவன். வெளியே, தறிக்கான நூல் இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள்.

கணவன் தர்மனின் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி நிமிரவில்லை. நேற்று மாலை மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நகக்கண்ணில் பாவுக் கஞ்சி காய்ந்திருந்தது.

ஆதிகேசவன் தர்மனின் அண்ணன். 1962-ல் தம்பியைப் பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவர். இனி எந்த வேலைக்கும் உதவமாட்டார், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். கிருஷ்ணவேணியா கேட்பாள்? மாத்திரைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷனைத் தறிக்காரர்கள் வாழும் இந்தப் பிள்ளையார்பாளையத்துக்கே கூட்டி வந்துவிட்டாள். ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. ஆனால் மாத்திரை ஆளைத் தூங்கத்தான் வைத்தது. எழுப்பி உட்காரவைத்தது தெரு. பாவில் எந்த இழை அறுந்தாலும் தர்மன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். வாய் தானாகப் பேசிக்கொண்டிருக்கும், விரல் பிணைத்துக்கொண்டு போகும். பத்து வருஷமாக, "தர்மா, இங்க வாப்பா!" என்று கூப்பிடாத வீடு இல்லை.

"ஈரப் பாவை யாருக்காகவும் எடுக்கமாட்டாங்க," என்றார் ஆதிகேசவன் மறுபடியும். "எந்தச் சாவும் சுத்திக்கினுதான் போவணும். அதுவும் புத்தி சரியில்லாதவன் சாவு..."

"போதும் மாமா."

அவள் வாசலுக்கு வந்தாள். "முனிசாமிண்ணே! அவரு இந்தத் தெருவோடவே போவணும்ணே."

முடியாது என்றுவிட்டால் பத்து வருஷமும் பொய்யாகிப் போகுமே என்று பயந்தாள்.

பாவின் முனையில் நின்ற, அதன் சொந்தக்காரர் முனிசாமி கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்தார். "தறிய நிறுத்திட்டு எல்லாரும் வாங்கப்பா! பாவத் தூக்கணும்!"

வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் நின்றது. ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் இரு பக்கமும் நின்று, அத்தனை நீளப் பாவையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். பாடையைத் தாழ்வாக ஏந்திக்கொண்டு, மேளத்தோடு அதன் கீழேயே போனார்கள். ஆதிகேசவனும் குனிந்துதான் போனார். தர்மன் நெற்றியில் கஞ்சி சொட்டியது. யாரும் துடைக்கவில்லை. கிருஷ்ணவேணி அழுதாள். அழுகைக்கு நடுவே, பார்த்தீங்களா என் புருஷனை என்று ஊருக்கே கேட்கக் கத்தவேண்டும்போல அப்படியொரு கர்வம் வந்தது.

பாவை மெல்ல இறக்கினார்கள். நடுவில் ஓர் இழை அறுந்து தொங்கியது.

"தர்மா, இங்க வாப்பா!" என்று முனிசாமி பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார்.

தெருக்கோடியில் ஆதிகேசவன் நின்று, திரும்பிப் பார்த்தார்.