யூதாஸ் நாற்காலி

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் சீட்டுக் குலுக்கினார்கள். வீட்டுக்கு ஒரு ஆண் பெயர் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். கோயில் பாதிரியாரான அச்சன் பன்னிரண்டு சீட்டு எடுப்பார். அந்தப் பன்னிரண்டு பேரும் பெரிய வியாழனன்று ஏசுவின் அப்போஸ்தலர்களாகப் பலிபீடத்துக்கு முன்னால் உட்காருவார்கள்; அச்சன் குனிந்து அவர்கள் காலைக் கழுவி முத்தமிடுவார். அந்த வருஷம் வந்திருந்தது இளவயசு அச்சன். ஊரின் கதையெல்லாம் தெரியாது. ஒரு சீட்டைப் பிரித்து, "புளிக்கல் ஸ்கரியா" என்று கணீரென்று படித்துவிட்டார்.

கோயிலில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

பெயரை எழுதிப் போட்டவள் ஏலி, ஸ்கரியாவின் மனைவி. புருஷன் கண்ணூர் ஜெயிலில் கிடந்த காலமெல்லாம் விடாமல் எழுதிப் போட்டாள். ஊரும் கண்டும் காணாமல் இருந்தது. உள்ளே இருப்பவன் பெயர் வந்தால் வேறு சீட்டு எடுத்துக்கொண்டால் போயிற்று. வெளியே வந்துவிட்டவனை என்ன செய்வது?

வேலித் தகராறில் பக்கத்து நிலத்துக் குஞ்சூட்டியை மண்வெட்டிக் காம்பால் அடித்தவன் ஸ்கரியா. ஒரே அடி. குஞ்சூட்டி ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். நல்ல மனுஷன், இரண்டு பிள்ளைகள். அதை ஸ்கரியா ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. குஞ்சூட்டியின் வீட்டார் நிலத்தை விற்று வயநாட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர்தான் அந்தப் பிணத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை. ஸ்கரியா ரப்பர் வெட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் வெட்டுக் கத்தியை அவன் கையில் கொடுக்க ஒரு தோட்டக்காரனும் தயாரில்லை. பஸ் ஏறிப்போய்க் கல்லுடைத்துப் பிழைத்தான். சாயாக்கடைக்குப் போனால் சாயா கிடைக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவனுக்கு அவசரமாக ஏதாவது வேலை வந்துவிடும்.

திங்கட்கிழமை மாத்தச்சன் வந்தார். கோயில் கணக்கு வழக்குப் பார்க்கிற பெரிய மனுஷர். முற்றத்திலேயே நின்றார்.

"ஸ்கரியா, வியாழக்கிழமை உனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லியே, மாத்தச்சா."

"அது எனக்கும் தெரியும்டா. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?"

"சீட்டு எடுத்தது அச்சன். ஜெபம் சொல்லித்தானே எடுத்தாரு?"

"எடுத்தாரு, எடுத்தாரு."

"உள்ள இருக்கறப்ப பிஷப்பே வந்து என் காலைக் கழுவி முத்தம் கொடுத்தாரு. போட்டோ பேப்பர்ல வந்துச்சு. நீங்ககூட பாத்திருப்பீங்க."

"பாத்தேன். நல்ல காரியம். அங்க எத்தனை தடவை வேணும்னாலும் கழுவட்டும், யாரு வேண்டாம்னா?" என்று சொல்லிவிட்டு மாத்தச்சன் குடையை விரித்தார்.

ஸ்கரியா அசைந்து கொடுக்கவில்லை. அந்த நாற்காலி அவனுக்கு வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்க, மற்றப் பதினொரு பேரோடு வரிசையில் உட்கார்ந்து எழுந்துவிட்டால், அதன்பிறகு தன்னை மனுஷனாக நடத்தாமல் எப்படி இருப்பார்கள் என்று நம்பினான். நம்புகிறவனை யார் தடுக்கமுடியும்?

அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தான். கதவுப் பக்கம் கிடக்கிற கடைசி நாற்காலிக்கு அந்த ஊரில் யூதாஸ் நாற்காலி என்று பெயர்; ஏசுவைக் காட்டிக்கொடுத்தவனின் இடம். வருஷாவருஷம் அதில் உட்காராமல் தப்பிக்கக் கிழவர்கள்கூட முண்டியடித்து ஓடுவார்கள். கடைசியாக வந்து மாட்டிக்கொள்கிறவனைப் பார்த்துக் கோயிலே சிரிக்கும், அச்சனும் வாயைப் பொத்திக்கொள்வார். ஒரு வருஷம் அவுசேப்பு மாட்டினான். ஸ்கரியாவும் அவனும் ஒரே தட்டில் கப்பக்கிழங்கு தின்று வளர்ந்தவர்கள். "எடா யூதாஸே, வெள்ளிக்காசு எங்கடா?" என்று ஸ்கரியாதான் மாசக்கணக்கில் அவனைப் போட்டு வாட்டினான்.

"நானே போயி அந்த நாற்காலியில உக்காந்துக்கப் போறேன், ஏலீ" என்றான் ஸ்கரியா. "ஒருத்தனுக்காவது சிரிப்பு வந்துடும். ஒருதடவை சிரிச்சிட்டாப் போதும். அப்புறம் எப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க?"

ஏலிக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரையும் மாதிரி நடுவுல உக்காருங்க இச்சாயா. அதுல போயி எதுக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவங்கள எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து குதிகாலைத் தேங்காய் நாரால் தேய்த்தான். கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு போவதுதான் அங்கே வழக்கம்; அச்சன் கையில் அழுக்குப் படலாமா? கல்லுத்தூள் வெடிப்புக்குள் ஏறியிருந்தது, லேசில் போகவில்லை. ஏலி சோப்பை எடுத்து வந்து தானே தேய்த்துவிட்டாள். புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். சிரிப்பு வருவதற்குத் தோதாக முகத்தைக்கூடக் கொஞ்சம் இளித்தாற்போல் வைத்துக்கொண்டான். பாவம்.

பதினொரு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஓட்டமில்லை, இடியில்லை. பிணத்துக்குப் பின்னால் நடக்கிறவர்களைப் போல வந்து அவரவர் உட்கார்ந்தார்கள். ஆட்கள் நிறைந்திருந்தார்கள், பெண்கள் பக்கம், பாடகர் பக்கம், எங்கேயும் ஒரு உதடு அசையவில்லை. ஸ்கரியாவுக்குப் பக்கத்து நாற்காலி அவுசேப்புக்கு வந்தது. மற்ற நாற்காலிகள் நிறைந்துபோனதில் அது ஒன்றுதான் பாக்கியிருந்தது.

ஸ்கரியா இளிப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிப் பார்த்தான். கேலி செய்யமாட்டார்களா என்று ஒரு மனுஷன் ஏங்குவான் என்பது அதுவரை அவனுக்கே தெரியாது. பாட்டு தொடங்கியது. அச்சன் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். பொறுக்கமுடியாமல் ஸ்கரியா பக்கவாட்டில் சாய்ந்தான்.

"எடா அவுசேப்பே, இந்த வருஷம் யூதாஸ் நான்தாண்டா."

அவுசேப்பு திரும்பி அவனைப் பார்த்தான். ஜெயிலிலிருந்து வந்தபிறகு இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறான். கோபமில்லை. வருத்தம்கூட இருந்தது என்று சொல்லலாம்.

"யூதாஸ் போயி தூக்குல தொங்கிட்டாண்டா, ஸ்கரியா" என்றான் மெதுவாக. "அவனுக்கு அந்த மானமாவது இருந்துச்சு."

பிறகு முன்பக்கம் திரும்பிக் கையைக் கூப்பிக்கொண்டான்.

அச்சன் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்கரியாவின் முன்னால் முழங்காலிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். ஒரு குறையும் வைக்கவில்லை. நிமிர்ந்து சிரிக்கக்கூடச் செய்தார். ஸ்கரியாவுக்கு அது வேறு யாருடைய காலோ போலிருந்தது. நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தான், எப்படி வெளியே வந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படிக்கட்டில் ஏலி காத்திருந்தாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது, அதைக்கூடக் கவனிக்காமல் ஓடிவந்தாள்.

"பாத்தேன், பாத்தேன்! அவுசேப்பு பேசினானே! பொம்பளைங்க பக்கத்துலேருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சாஞ்சு என்னமோ சொன்னீங்க, அவன் திரும்பிச் சொன்னான். என்ன சொன்னான்?"

ஸ்கரியா வாயைத் திறந்தான். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது.

"தமாஷ்தான்" என்றான்.

"என்ன தமாஷ்?"

"யூதாஸ் தமாஷ். பழசுதான்."

ஏலி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டுக் கடந்து போனார்கள். அதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் இறங்கி நடக்கும்போது. "ராத்திரி நம்ம வீட்ல பெரிய வியாழன் அப்பம் முறிக்கறப்ப அவுசேப்பைக் கூப்பிடலாமா? ஒரு துண்டு தின்னுட்டுப் போகட்டும். வருவான்ல?"

"வருவான்" என்றான் ஸ்கரியா.

அவளை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே போனான்.