குரூப் மாறிய வினாத்தாள்

லாசரஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "உன் தம்பி அந்த காலேஜ்லதானே படிக்கிறான்?" என்று கேட்டார்.

ஜெரூஷாவுக்குச் சுருக்கென்றது.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அவருடைய அச்சகத்தில் அந்தக் கல்லூரியின் வினாத்தாள்களை டைப் செய்பவள் அவள். லினக்ஸ் சர்வரில் அந்த ஃபைல்கள் 'வினா' குரூப்புக்குச் சொந்தம். அந்த குரூப்பில் இருப்பவர்கள் அவளும் லாசரஸும் மட்டும்; வேறு யாரும் திறக்க முடியாது. இன்று மாலை பார்த்தால் எல்லாம் 'அச்சு' குரூப்புக்கு மாறியிருந்தன. அதில் இருக்கும் அச்சு மெஷின் ஆட்கள் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஃபைலின் உரிமையாளர் பெயர் மட்டும் ஜெரூஷா என்றே இருந்தது.

கல்லூரித் தேர்வு அதிகாரி யக்ஞநாராயணன் வந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், செய்தது யார் என்று தெரியாவிட்டால் போலீசுக்குப் போவதாகப் போனில் சொல்லியிருந்தார். லாசரஸ் ஏற்கெனவே ஒரு பெயரை முடிவு செய்துவிட்டது போலத் தெரிந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆசிப்பைக் கூப்பிட்டார்கள். ஃபைல்கள் மாறியது மதியம் ஜும்மா தொழுகை நேரத்தில் என்றான்.

"நான் பள்ளிவாசல்ல இருந்தேன்க்கா. நீங்கதான் சீட்ல இருந்தீங்க."

ஜெரூஷா அங்கிருந்த கம்ப்யூட்டரில் தன் பெயரில் நுழைந்தாள். தன்னுடைய வேறொரு ஃபைலை எடுத்து, 'அச்சு'வுக்கு மாற்றக் கட்டளை கொடுத்தாள். அனுமதி இல்லை என்றது திரை.

"ஃபைல் என்னுதா இருந்தாலும், நான் மெம்பரா இருக்கிற குரூப்புக்குத்தான் மாத்த முடியும் சார். 'அச்சு'ல நான் இல்ல. எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட் கணக்குல நுழைஞ்சவங்கதான் இதப் பண்ணியிருக்கணும்."

ரூட் பாஸ்வேர்டு ஆசிப்பிடம் இருந்தது. இப்போது இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தன் சீட்டுக்கு ஓடினான்; இருவரும் பின்னால் போனார்கள். தொழுகைக்குக் கிளம்பிய அவசரத்தில் ரூட் விண்டோவை மூடாமலே போயிருந்தான். மேல் அம்புக்குறியைத் தட்டினான். கடைசியாக அடித்த கட்டளை வந்தது: ஃபோல்டர் முழுவதையும் 'அச்சு'வுக்கு மாற்று.

"இத நான் அடிக்கல சார்."

லாசரஸ் நாற்காலியில் உட்கார்ந்து, மெல்ல நடந்ததைச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை ஃபைல் திறக்கவில்லை என்று மதியம் மெஷின் ஆட்கள் கத்தியிருக்கிறார்கள். ஆசிப் செய்வதைப் பலமுறை பார்த்த தைரியத்தில் அவரே அடித்திருக்கிறார். பத்திரிகை ஃபோல்டருக்குப் பதில் வினாத்தாள் ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பார்க்கவில்லை.

ஜெரூஷா ஃபைல்களை 'வினா'வுக்குத் திருப்பினாள். அதில் அவள் இருந்ததால் மறுப்பேதும் வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு யக்ஞநாராயணன் நுழைந்தார்.

"யாரு சார் அது?"

லாசரஸின் பார்வை ஆசிப்பிடம் போனது, ஜெரூஷாவிடம் வந்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நான்தான் சார்" என்றார் லாசரஸ்.

யக்ஞநாராயணன் நம்பவில்லை. அவர், தன் கல்லூரியில் தம்பி படிக்கும் ஜெரூஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.