சாவிப் பாட்டைக் கட்டினவள்

ஓரகத்திகள் என்றால் கொஞ்சம் உரசல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு இளைய மருமகள் மேல் இருந்தது உரசல் இல்லை, பச்சைப் பொறாமை. துணிமணி, நகைநட்டு என்று ஏதாவது காரணமாக இருந்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். காரணம் ஒரு பாட்டு. தான் கட்டின பாட்டை வைத்து இன்னொருத்தி பேர் வாங்கினால் யாருக்குத்தான் ஆறும், சொல்லுங்கள்?

இரண்டு பேரும் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இளையவள் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் உட்காருவாள். மூத்தவள் பக்கத்து மேசையில் நின்று பிசிறு வெட்டுவாள். அங்கே பெண்கள் கக்கூசுக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி சூப்பர்வைசர் இடுப்பில் தொங்கும். அந்த மகராசன் மனசு வைத்தால்தான் கதவு திறக்கும். ஒருநாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே துணியை நனைத்துக்கொண்டு அழுதாள். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திரிச் சத்தத்தோடு சேர்த்து வாய்க்குள்ளேயே முனகினாள்:

"சாவி ஒண்ணு தொங்குது சாரு இடுப்புல,
அவசரம் பொங்குது எங்க அடிவயித்துல..."

இளையவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "அக்கா, அக்கா, இன்னொரு தடவை சொல்லு!" சாயந்தரத்துக்குள் பாட்டு மேசை மேசையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுவாரம் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் விதி விளையாடியது. சங்கத்துக்காரர் ஒலிபெருக்கியோடு வந்து, "அந்தச் சாவிப் பாட்டைப் பாடுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மூத்தவள் எதிர் டீக்கடைக் கக்கூசுக்குப் போயிருந்தாள். ஆமாம், சிரிக்காதீர்கள். அவள் திரும்பி வருவதற்குள் இளையவள் மைக்கைப் பிடித்துவிட்டாள். குரல் என்றால் குரல், சும்மா சொல்லக் கூடாது. தெருக்கோடி வரை கணீரென்று போனது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்கே அவளுக்குச் ‘சாவியக்கா’ என்று பேர் விழுந்துவிட்டது.

பூட்டு கழன்றது. சாவியக்காவுக்கு வேலையும் போனது. அவளுக்கென்ன, உலகமே கூப்பிட்டது. துப்புரவுக்காரர்கள் கூப்பிட்டார்கள், நர்சுகள் கூப்பிட்டார்கள், குடிசையை இடித்துத் தெருவில் விடப்பட்டவர்கள் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் பாடினாள். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனாள். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் கூட்டம் முன்னைவிடப் பெரிதாக நின்றது. பத்திரிகை அட்டையில் படம், ரேடியோவில் பேட்டி, எதற்குக் குறைச்சல்?

மூத்தவள்? பின்பாட்டு. லீவு நாளில் எல்லாம் மேடையில் இரண்டடி தள்ளி நின்று, அவள் விட்ட அடியை வாங்கிப் பாட வேண்டியது. தான் கட்டின பாட்டுக்குத் தானே பின்பாட்டு! முதல் தடவை போலீஸ் வந்து இளையவளை வண்டியில் ஏற்றியபோது மூத்தவளும் முண்டியடித்துக்கொண்டு போனாள்.

"நானும்தாங்க பாடினேன்."

"பின்னாடி நின்னவங்கள்லாம் வீட்டுக்குப் போங்கம்மா. அடுத்த தடவை பார்க்கலாம்" என்றாள் பெண் போலீஸ்.

வீட்டுக்கு வந்து சட்டிப்பானையை எல்லாம் உருட்டினாள். "ஜெயிலுக்குப் போறதுலயுமா போட்டி?" என்று கேட்ட புருஷனுக்கு அன்று சோறு கிடைக்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருநாள் ரேடியோவில், "அந்தப் பாட்டு எப்படிப் பொறந்துச்சு?" என்று கேட்டார்கள். "எங்க எல்லாரோட வயித்துல இருந்தும் பொறந்துச்சுங்க" என்றாள் சாவியக்கா. கேட்டுக்கொண்டிருந்த மூத்தவள், "எல்லார் வயித்துலயுமா? என் வயித்துலடி! என் வயித்துல!" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று தெரிந்துபோகும் அல்லவா?

அப்புறம் வந்தது அந்த வழக்கு. கம்பெனி முதலாளி, அந்தப் பாட்டு தன் மானத்தை வாங்கிவிட்டது, ஆட்களைக் கலகத்துக்குத் தூண்டிவிட்டது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். சங்கத்து வக்கீல் இவர்கள் வீட்டுக்கு வந்தார். நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"பாடினவங்கள எச்சரிச்சு விட்டுடுவாங்க. கட்டினவங்க யாருன்னு தெரிஞ்சாதான் வம்பு. ஒரு வருஷம் உள்ளே போட்டுடுவாங்க. அதனால இது நாட்டுப்புறப் பாட்டு, காலங்காலமா பாடுறது, யார் கட்டினதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிடலாம். கேஸ் அத்தோட படுத்துடும்."

இளையவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்படியே சொல்லிடுங்க சார்" என்றாள். மூத்தவளுக்கு நெஞ்சில் யாரோ மிதித்தது போல் இருந்தது. இதுவரை பாட்டு இன்னொருத்தி பேரில் இருந்தது, அவ்வளவுதானே. என்றைக்காவது வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. கோர்ட்டில் சொல்லிவிட்டால்? யாருடைய பாட்டும் இல்லை என்று முத்திரையே குத்திவிடுவார்கள். செத்தாலும் திரும்ப வராது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வருஷம் கம்பி. வாயை மூடிக்கொள்வதாகத்தான் முடிவு பண்ணினாள். நம்புங்கள், நிஜமாகவே முடிவு பண்ணினாள்.

கோர்ட்டில் இடமில்லாத கூட்டம். உள்ளே நுழைய முடியாதவர்கள் வாசலில் நின்றார்கள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சாவிப் பாட்டை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி படித்தார். ‘அவசரம் பொங்குது’ என்ற இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார். வக்கீல் எழுந்தார்.

"ஐயா, இது அனாமத்துப் பாட்டு. தலைமுறை தலைமுறையா வர்றது. இதைக் கட்டின புண்ணியவதி எந்தக் காலத்திலோ செத்துப்போயிருப்பாங்க..."

"யாரு செத்தது?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மூத்தவள் எழுந்து நின்றிருந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், செத்துப்போயிட்டேன்றாரே! தலைமுறை தலைமுறையாவாம்! அந்தக் கக்கூசுக்குப் பூட்டு போட்டே பத்து வருஷம்தாங்க ஆச்சு. அதுக்கப்புறமும் வேற சூப்பர்வைசருங்க யாரும் இடுப்புல சாவி மாட்டினதில்ல. எங்க சூப்பர்வைசர் ஒருத்தன்தான் மாட்டுவான். அதைப் பார்த்துக் கட்டினது நான். பிசிறு வெட்டிக்கிட்டே கட்டினேன். வேணும்னா கேளுங்க, இதோ நிக்கிறாளே, இவளைக் கேளுங்க!"

வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீதிபதி கூண்டில் நின்ற சாவியக்காவைப் பார்த்து, "அந்தம்மா சொல்றது உண்மையா?" என்று கேட்டார். அவள் ஒரு தடவை வக்கீலைப் பார்த்தாள், ஒரு தடவை மூத்தவளைப் பார்த்தாள். பிறகு, "உண்மைதாங்க. அக்கா கட்டினதுதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மூத்தவள் இத்தனை வருஷம் வெந்திருந்தாள். காதில் தேன் பாய்ந்தது போல் இருந்தது. பாடினவளை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டினவளைப் பிடித்து உள்ளே வைக்கச் சொன்னார் நீதிபதி.

தாழ்வாரத்தில் போலீசைத் தள்ளிக்கொண்டு இளையவள் ஓடி வந்தாள். மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? நான் கட்டினேன்னு சொன்னா உன் பாட்டைத் திருடின மாதிரி ஆயிடும். நீ கட்டினன்னு சொன்னா உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. அதான் யாருமே கட்டலன்னு சொல்லச் சொன்னேன். வக்கீலுக்கு அந்த யோசனையச் சொன்னதே நான்தான்க்கா. உன்னைக் காப்பாத்தத்தான்..."

மூத்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஓஹோ! என்னைக் காப்பாத்துன பேரும் உனக்கே வேணுமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் விறுவிறுவென்று நடந்து போய்ப் போலீஸ் வண்டியில் தானே ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி வாசலைத் தாண்டியபோது வெளியே ஒரே ஆரவாரம். மூத்தவள் கம்பி வலையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஜனம் சாவியக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தது. விடுதலையாம்! உள்ளே நடந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்? போகிற வண்டியை ஒருத்தர், ஒரே ஒருத்தர், திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது தோள் மேல் உட்கார்ந்திருந்தவள் வண்டியைக் கண்டுவிட்டாள். இரண்டு கையையும் உயர்த்தினாள். மைக் இல்லாமலே அந்தக் குரல் தெருக்கோடி வரை கணீரென்று போனது.

"என்னை இறக்குங்க! பாட்டு கட்டினவ அதோ போறா! என் ஓரகத்தி! சாவிப் பாட்டு அவளுது!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஒரு விநாடி புரியாமல் விழித்துவிட்டு, வண்டியைப் பார்த்து ஓடி வந்தது. யாரோ வண்டித் தகரத்தில் தட்டித் தாளம் போட, பாட்டு கிளம்பியது.

அத்தனை பேரும் மூத்தவளைத்தான் பார்த்தார்கள். ஆனாலும் பாட்டு அவளுடையது என்று சொல்வதற்கும் அந்தக் குரல்தானே வேண்டியிருந்தது! மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரிய எரியவே கம்பி வலைக்கு நடுவில் விரல்களை நீட்டி ஆட்டினாள்.