கும்பகோணம் 41, தஞ்சாவூர் 41

அன்று காலை ஜெய்னுலாபுதீன் கும்பகோணத்துக்கு அரை மார்க் குறைத்தார். காரணம், பல் டாக்டர். முந்தின நாள் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனவர், டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, டாக்டர் மச்சினி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்ற தகவலையும் அதே பல்லையும் திரும்பக் கொண்டுவந்திருந்தார். நோட்டில் ‘பல் வைத்தியம்’ என்ற வரியைத் தேடி, அரை மார்க்கை அடித்து, கூட்டிப் பார்த்தார். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.

“ரெண்டு ஊரும் சரிசமமா வந்து நிக்குது ஷமீரா. இனிமே உன் ஓட்டுதான். சொல்லு, எந்த ஊரு?”

ஷமீரா சமையலறையில் கொடுவா மீன் அலசிக்கொண்டிருந்தாள். “கையில செதிலோட ஊரெல்லாம் முடிவு பண்ண முடியாது. சாயந்திரம் சொல்றேன்.”

“சாயந்திரம்னா எத்தனை மணிக்கு?”

“அசர் தொழுகைக்கு அப்புறம்.”

அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். முப்பது வருஷம் ராயபுரத்தில் கப்பல் உதிரி பாகங்களுக்கு ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர். மனைவியின் பதிலாக இருந்தாலும் வந்து சேரும் நேரம் தெரிய வேண்டும்.

சென்னையை விட்டுவிட்டு டெல்டா பக்கம் வந்து அமைதியாக வாழ்வது என்று அவர்கள் முடிவெடுத்துக் கிளம்பி ஏழு மாதம் ஆகியிருந்தது. தஞ்சாவூரா, கும்பகோணமா என்பது மட்டும்தான் பாக்கி. அதற்காகத்தான் நோட்டு. குடிதண்ணீர், மின்வெட்டு, கொசு, ரயில், காப்பி, நடைபாதை, மையத்தாங்கொல்லையில் மரநிழல் என்று நாற்பது தலைப்புகள். மனிதன் இறந்த பிறகு உறைக்கப்போகும் வெயிலுக்கும் மார்க் போட்டவர் அவர்.

நோட்டில் அவர் கும்பகோணத்துக்காக வாதாடுவார். ஷமீரா தஞ்சாவூருக்காக வாதாடுவாள். கும்பகோணத்தில் இருப்பது ஷமீராவின் தங்கை பாத்திமா. தஞ்சாவூரில் இருப்பது அவருடைய அண்ணன் அப்துல் ஹமீது. கேள்விப்பட்டவர்கள் உருகிப்போனார்கள். பாருங்கள், அவர் மனைவியின் சொந்தத்துக்குப் பக்கத்தில் போகப் பார்க்கிறார், அவள் கணவனின் சொந்தத்துக்குப் பக்கத்தில் போகப் பார்க்கிறாள், இதுவல்லவோ தாம்பத்தியம் என்றார்கள்.

உண்மை வேறு. ஜெய்னுலாபுதீனுக்குத் தன் அண்ணனை அறுபத்தொரு வருஷமாகத் தெரியும். தலைவலி என்று சொன்னால் நம் வீட்டுக் கட்டிலைத் திசை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார். ஷமீராவுக்குத் தன் தங்கையைத் தெரியும். சலாம் சொல்வதற்கு முன்பே நம் ஃபிரிட்ஜைத் திறந்து, “இது எப்ப வச்ச கொழம்பு லாத்தா?” என்று விசாரணையைத் தொடங்கிவிடுவாள். அவரவர் ரத்தத்திலிருந்து அவரவர் தப்பிக்கப் பார்த்தார்கள். அவ்வளவுதான் தாம்பத்தியம்.

முடிவாகும்வரை மூன்று மாதத்துக்கு என்று பாபநாசத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒன்றுதான் அந்த ஊரிடம் அவர்கள் கண்ட தகுதி. நோட்டில் பாபநாசத்துக்கு ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்காரர் இராஜாங்கம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலை அவரே விலைக்கு வாங்கி, அதன் ஓரத்தில் கட்டிய வீடு. பக்கத்திலேயே குடியிருந்தார். “பாய், ஊரு முடிவாயிடுச்சா?” என்று தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். “ரெண்டு தலைப்பு பாக்கி இருக்குங்க” என்பார் இவர். மூன்று மாதம் ஏழு மாதமானது.

இதைவிடப் பெரிய கூத்து, கடிதம். ஓர் ஊர் ஜமாஅத்தை விட்டு வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள், ‘இவர் எங்கள் மஹல்லாவில் இருந்தவர், உங்கள் ஜமாஅத்தில் சேர்த்துக்கொள்ளவும்’ என்று பழைய ஜமாஅத்தில் கடிதம் வாங்கிப் போவது வழக்கம். ஜெய்னுலாபுதீனும் வாங்கினார். ஊர் பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லிவிட்டார். “முடிவானதும் நானே எழுதிக்கிறேன்.” எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவதற்குக் கடிதம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லித்தான் அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் நோட்டின் அட்டைக்குள் இருந்தது.

பதினொன்றே காலுக்கு ஷமீரா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். இராஜாங்கம்தான் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு மூன்று நிமிடம்தான் வேலை இருந்தது. பன்னிரண்டரைக்குள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மீன் அலசியபடியே கிடந்தது.

ஒரு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து அப்துல் ஹமீது, உடலை எடுத்துப்போக ஒரு ஜனாஸா வண்டியோடு வந்து இறங்கினார். ஐந்து நிமிடம் கழித்துக் கும்பகோணத்திலிருந்து பாத்திமா இன்னொரு ஜனாஸா வண்டியோடு வந்து இறங்கினாள். ஒன்று மேற்கே பார்த்து நின்றது, ஒன்று கிழக்கே பார்த்து நின்றது. ஏழு மாதமாக ஒரு மனிதர் நோட்டு வைத்துப் பிரிக்க முடியாததை இரண்டு டிரைவர்கள் வண்டியைத் திருப்பி நிறுத்தியே பிரித்துவிட்டார்கள்.

ஷமீரா உள் அறையில் பெண்களோடு இருந்தாள். கதவில் பச்சைத் திரை. அந்தப் பக்கத்திலிருந்து அப்துல் ஹமீதின் குரல் கேட்டது.

“தஞ்சாவூர்ல எடம் சொல்லியாச்சு ஷமீரா. எங்க தெருக்காரங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க. அந்தக் கடுதாசிய எடுத்துக் குடு, ஊரு பேரை நான் எழுதிடுறேன்.”

“ஏன் மச்சான், கும்பகோணம்னு எழுதுனா உங்க பேனா எழுதாதா?” என்றாள் பாத்திமா, அழுகையை நிறுத்தாமலேயே. “நோட்டு இந்தா லாத்தா மடியிலதான் இருக்கு. அவுகளுக்குக் கும்பகோணம்தான் புடிக்கும்.”

“அரை மார்க்கு இன்னைக்குக் காலையில கொறைச்சிருக்கான்னு இப்பத்தானே ஷமீரா சொல்லி அழுதுச்சு!”

“அது பல்லுக்கு! மனுசனுக்கா கொறைச்சாரு?”

கணவன் உடம்பு இன்னும் ஆறவில்லை, அதற்குள் மார்க்கைக் கூட்டுகிறார்கள் என்று ஷமீராவுக்குப் பட்டது. இன்னொன்றும் பட்டது. அவர் எந்தப் பக்கம் போகிறாரோ, இனி அவளும் அந்தப் பக்கம்தான். அவர் அண்ணன் வீட்டு மாடி அறை, அல்லது தங்கை வீட்டுப் பின்கட்டு. எந்த ஊர் என்று அவளைக் கேட்ட ஒரே ஆள் ஹாலில் படுத்திருந்தார்.

சிங்கப்பூரிலிருந்து மகன் ஹம்தான் போனில் அழுதான். “அத்தாவுக்கு எது புடிக்குமோ அப்படிச் செய்ங்கம்மா” என்றான். அத்தாவுக்கு எது பிடிக்கும் என்பதற்கு நாற்பது தலைப்பு இருப்பது அவனுக்குத் தெரியாது.

பாபநாசம் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி ஜெக்கரியா வந்திருந்தார். குளிப்பாட்ட ஆள், உடலைச் சுற்ற கபன் துணி எல்லாம் யாரும் கேட்காமலே ஏற்பாடு செய்துவிட்டு, வாசலில் சண்டை முடியக் காத்திருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

“கடுதாசி இல்லாட்டியும் எங்க வேலைய நாங்க செய்வோம், அது வேற விஷயம். ஆனா யாராவது ஒருத்தரு முடிவாச் சொல்லுங்க. வெயில்ல ரெண்டு வண்டி நிக்குது.”

“பாத்திமா, அந்தப் பேனாவக் குடு” என்றாள் ஷமீரா.

பாத்திமா வெற்றிப் பார்வையோடு பேனாவைக் கொடுத்தாள். ஷமீரா நோட்டின் அட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து, அதன் மேலேயே வைத்து, காலி இடத்தில் எழுதி, திரைக்குக் கீழாக நீட்டினாள். வெளியே காகிதம் விரியும் சத்தம். பிறகு ஜெக்கரியாவின் குரல்.

“பாபநாசம் ஜமாஅத் நிர்வாகிகளுக்குன்னு போட்டிருக்கு.”

அப்துல் ஹமீதுதான் முதலில் சுதாரித்தார். “பாபநாசத்துல நமக்கு யாரு இருக்கா?”

“இனிமே உங்க தம்பி இருப்பாங்க” என்றாள் ஷமீரா.

அசருக்கு அப்புறம் அடக்கம் செய்தார்கள். இரண்டு வண்டிகளும் காலியாக, ஆளுக்கொரு திசையில் போயின.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தால் சொந்தம் என்பதன் அர்த்தம் தெரியவில்லை என்று பொருள். மறுநாளே இத்தாவை யார் வீட்டில் இருப்பது என்று ஆரம்பித்தது. கணவன் இறந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இருக்க வேண்டும். அதை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். கணவன் இறந்தபோது அவள் எந்த வீட்டில் குடியிருந்தாளோ அந்த வீட்டில்தான் என்று அவர் சொல்லிவிட்டார். வாடகை வீடாச்சே என்று அப்துல் ஹமீது ஒரு சட்டப் புள்ளியைக் கிளப்பிப் பார்த்தார். வாடகை வீட்டுக்கும் கூரை இருக்கிறதல்லவா என்றார் ஹஜ்ரத்.

ஆக, நோட்டில் ஒரு வரிகூட இல்லாத ஊரில் ஷமீரா உட்கார்ந்தாள். பாத்திமா வந்து தங்கி ஃபிரிட்ஜை ஒழுங்குபடுத்தினாள். அப்துல் ஹமீது ஞாயிறுதோறும் வந்து பச்சைத் திரையோடு பேசினார். திரை பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது என்று அடுத்த ஞாயிறு சொன்னார். ஹம்தான் சிங்கப்பூரிலிருந்து நடுநிலையான யோசனை ஒன்று அனுப்பினான்: ஆறு மாதம் தஞ்சாவூர், ஆறு மாதம் கும்பகோணம். அம்மா என்றால் வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் என்று நினைத்திருப்பான்.

இராஜாங்கம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முருங்கைக்கீரையோ வாழைப்பூவோ வாசற்படியில் வைத்துவிட்டு, “வச்சிருக்கேம்மா” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது மாதத்தில்தான் ஷமீரா நோட்டைத் திறந்தாள். அதுவரை அவர் வாசித்துக் கேட்டிருக்கிறாளே தவிர அதன் பக்கங்களைக் கண்ணால் பார்த்ததில்லை. முப்பத்தேழாவது தலைப்பு: ‘நெருங்கிய உறவினர் அருகில் இருத்தல்’. தஞ்சாவூருக்கு எதிரே மைனஸ் ஐந்து. கும்பகோணத்துக்கு எதிரே மைனஸ் ஐந்து. இந்த வரியை மட்டும் அவர் ஒரு நாளும் வாசித்துக் காட்டியதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலில் பாத்திமா இருந்ததால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ‘தங்கையிடமிருந்து தப்பிக்கத்தான் நானும் தஞ்சாவூர் தஞ்சாவூர் என்றேன்’ என்று சொல்லிக் காட்ட அந்த ஆள் இல்லையே என்று உறைத்ததும் அதே முந்தானை வேறு வேலைக்குப் பயன்பட்டது.

கடைசிப் பக்கத்தில், ‘ஷமீரா — அசருக்கு அப்புறம்’ என்று இருந்தது.

அன்று சாயங்காலம் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளே யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். நாளைக்குச் சொல்றேன் என்றிருப்பாள். ஏழு மாதமும் அதையேதான் செய்தாள். முப்பது வருஷம் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு போய் இரவில் வந்து தூங்கின மனிதர், ஏழு மாதமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து கொசுவைப் பற்றியும் காப்பியைப் பற்றியும் அவளோடு சண்டை போட்டார். ஊரை முடிவு செய்துவிட்டால் அப்புறம் அவர் என்ன பேசுவார்?

மார்கழியில் இத்தா முடிந்தது. அன்று காலை குளித்துத் தொழுதுவிட்டு வந்தாள். வாசலில் இரண்டு கார். இந்த முறையும் ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. இரண்டிலும் இத்தா முடிந்தவளுக்கான புதுப் புடவை இருந்தது.

“எல்லாம் எடுத்து வச்சாச்சா லாத்தா? டிக்கி காலியாத்தான் இருக்கு” என்றாள் பாத்திமா.

“மொதல்ல எங்க கார்லதான் ஏறணும்” என்றார் அப்துல் ஹமீது, இன்னும் திரையைப் பார்த்தே. “ஹம்தான்கிட்ட பேசியாச்சு. மொத ஆறு மாசம் நாங்க.”

ஷமீரா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, திரையை விலக்கி வெளியே வந்தாள். இரண்டு கார்களுக்கும் நடுவே நடந்து, வேலியோரம் நின்றாள்.

“இராஜாங்கம் சார், வீட்டு அக்ரிமெண்ட் எப்பவோ முடிஞ்சிருக்குமே. புதுசா எழுதணும்.”

அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். “எத்தனை மாசத்துக்கும்மா?”

“எத்தனை மாசத்துக்கு எழுதலாம்?”

“பதினொரு மாசம்தான் எழுதுவாங்க. அப்புறம் திரும்ப எழுதிக்கலாம்.”

“அப்படின்னா திரும்பத் திரும்ப எழுதுங்க.”

“யார் பேர்லம்மா?”

“என் பேர்ல.”

பாத்திமா அழுதாள். அப்துல் ஹமீது மாடி அறைக்கு அடித்த வெள்ளையைப் பற்றிச் சொன்னார். ஊர் என்ன சொல்லும் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். வாழ்க்கையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். எந்த ஊர் என்று ஷமீரா திருப்பிக் கேட்டாள். ஆளுக்கொரு புடவையை வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போனார்கள்.

அது ஆகி இரண்டு வருஷம். அக்ரிமெண்ட் இரண்டு முறை புதுப்பித்தாகிவிட்டது. அந்த வீட்டின் கொல்லைக் கதவு மழைக்காலம் வந்தால் ஊறி உப்பிக்கொள்ளும்; தோளால் ஓர் இடி கொடுத்தால்தான் தாழ்ப்பாள் விழும். இழைத்துத் தருவதாக இராஜாங்கம் குடிவந்த அன்றே சொன்னார். இன்னும் இழைக்கவில்லை; எந்த இடத்தில் இடிக்க வேண்டும் என்று ஷமீராவின் தோளுக்குத் தெரிந்துவிட்டது.