உள்ளே விட்ட துணி

தையல் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தபோது, தையல்காரி ஒரு வாடிக்கையாளருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் 'வாங்க' என்று சொல்ல முடியவில்லை. புருவத்தால் சொன்னாள்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்கம்மா," என்றாள் நாத்தனார், வாடிக்கையாளரைப் பார்த்து. "எங்க வீட்டு நூலு பறந்து போயிட்டா உங்க துணிய யாரு தைக்கறது?"

வாடிக்கையாளர் சிரித்தாள். தையல்காரியும் சிரித்தாள். வாயில் குண்டூசிகளோடு சிரிப்பது ஆபத்தான காரியம். ஆனால் கணவனின் அக்கா அடித்த ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பது அதைவிட ஆபத்து.

'நூல்' என்ற பட்டப்பெயரை வைத்தவளே நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் வைத்தது. அது வீட்டுக்குள் பரவி, மாடிப்படி இறங்கி, தெருமுனைக் கடை வரை போய்விட்டது. கணவன் நல்லவன், நல்லவர்கள் பலரையும்போல ஆபத்துக்கு உதவாதவன். அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறாள், விட்டுவிடு என்பான். விடுவதற்குத் தையல்காரியிடம் இடமில்லை. மனசு நிறைய பழி இருந்தது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் நாத்தனாரின் நாக்கை ஊசிக்கடியில் வைத்து இரட்டைத் தையல் போடுவதாகக் கற்பனை செய்துகொள்வாள். தையல் அன்றைக்கு வெகு நேராக வரும்.

நாத்தனார் சத்துப்பொடி விற்பவள். குண்டாக இருப்பவர்களுக்கு நீல டப்பா, ஒல்லியாக இருப்பவர்களுக்குச் சிவப்பு டப்பா. சரியான உடம்போடு உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்பதுதான் அந்த வியாபாரத்தின் முதல். அன்றைக்கு ஒரு சிவப்பு டப்பாவை வெட்டுமேசை மேல் வைத்தாள். தையல்காரி அதை வாங்கிக்கொண்டாள். உடம்பைத் தேற்றிக்கொண்டு இவள் வாயை அடைக்க வேண்டும், 'நூல்' என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே விக்கித்து நிற்க வேண்டும் என்பது அவள் கணக்கு. எதிரியின் கடையிலேயே கத்தி வாங்கி எதிரியைக் குத்தலாம் என்று நினைத்த புத்திசாலி அவள்.

பொடி பலித்தது. பசி பிய்த்துக்கொண்டு வந்தது, கன்னம் உப்பியது. தெருமுனைக் கடைக்காரர்கூட, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அதுவே பெரிய சங்கதி. நாத்தனார் அவளைப் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போய், கண்காட்சி மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

ஒரு மதியம் கடையில் யாருமில்லாத நேரத்தில், தையல்காரி தன் சட்டையையே பிரித்துத் தைக்க உட்கார்ந்தாள். வயிற்றுப் பக்கம் பிடித்ததால் அங்கே தையலைப் பிரித்துவிட்டாள். சரி. ஆனால் சட்டையின் கை தொளதொளவென்று தொங்கியது. அங்கே பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. சதை போட்ட உடம்புக்குக் கை ஏன் தொங்குகிறது? அளவு நாடாவை எடுத்து மேல்கையில் சுற்றினாள். கை முன்பைவிட மெலிந்திருந்தது. இன்னொரு தடவை சுற்றினாள். எத்தனையோ உடம்பைச் சுற்றி வந்த நாடா அது. யார் மனசும் கோணாமல் இருக்கப் பொய் சொல்லிப் பழக்கமில்லாதது. முகமும் வயிறும் வீங்க, கையும் காலும் கரைகிற இந்த உடம்பு தேறுகிற உடம்பு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா ரத்தத்தையும் பரிசோதித்தாள், பொடியையும் பரிசோதனைக்கு அனுப்பினாள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. பொடியில் ஸ்டீராய்டு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருந்தன. இதைத் திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து, மருந்து கொடுத்துத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றாள். பிறகு தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். காலையில் டீ, மதியம் வேலையில்லாவிட்டால் சாப்பாடு, வேலையிருந்தால் இன்னொரு டீ என்று தையல்காரி ஒப்பித்தாள்.

"ஒல்லியா இருக்கறது நோய் இல்லம்மா," என்றாள் டாக்டரம்மா. "நீங்க பொறந்த வாகு அது. ஆனா பட்டினி வாகு இல்ல."

பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நாத்தனார் நம்பவில்லை. ஊரே சாப்பிடுகிறது, இவளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லையா, தன் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று கண்ணைக் கசக்கினாள். கணவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனான். தையல்காரியின் மனசில் இருந்த நூல் அன்றைக்குக் கம்பியானது.

பழி வாங்க முதலில் உடம்பில் தெம்பு வேண்டும். வெட்டுமேசையின் இழுப்பறையில் பொத்தான் டப்பாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேர்க்கடலை வைத்தாள். காலையில் முட்டை, நடுவில் வாழைப்பழம், மதியம் எந்த ராணி வந்து நின்றாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பாடு, சாயங்காலம் டீக்குப் பதில் பால். டாக்டரம்மா அனுமதித்த பிறகு, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரண்டு கையிலும் தூக்கி இறக்கினாள். ஒவ்வொரு தூக்கலுக்கும் நாத்தனாரின் ஒரு வசனத்தை நினைத்துக்கொள்வாள். வசனங்களுக்குப் பஞ்சமே வரவில்லை. முகத்தின் வீக்கம் வடிய, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கை திரண்டது. அவள் குண்டாகிவிடவில்லை. ஒல்லிதான், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத ஒல்லி.

நாத்தனார் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

பொடிக் கம்பெனி அவளை மேடையேற்றிப் பாராட்டப்போகிறதாம். அதற்குப் புதுச் சட்டை தைக்க வேண்டும், வீட்டு ஆளுக்குக் கூலி எதற்கு என்று சிரித்துக்கொண்டே துணியோடு வந்தாள். கூடவே ஓர் உத்தரவு. "நீயும் வந்து மேடைல நில்லு. ஒண்ணும் பேச வேணாம். உன்னப் பாத்தாலே டப்பா வித்துடும்."

தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எந்தச் சட்டையிலும் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார்கள். உடம்பு கூடினால் பிரித்துவிட உதவும். இந்தச் சட்டைக்கு அது கிடையாது. அளவில் ஒரு விரல் குறைத்து, ஒட்ட வெட்டி, இற்றுப்போன நூலால் தைத்துவிட வேண்டும். மேடையில் நாத்தனார் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்குவாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை டர்ரென்று கிழியும்.

சந்தோஷமாக நாடாவை எடுத்தாள். நாத்தனார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள். நாடா சுற்றி வந்தது.

"அளவ வாய் விட்டுச் சொல்லாதடி," என்றாள் மெதுவாக. கடையில் வேறு யாருமில்லை. ஆனாலும் குரல் தணிந்திருந்தது. "கொஞ்சம் ஒல்லியா தெரியற மாதிரி தச்சுக் குடு. நீல டப்பாவத்தான் சாப்பாட்டுக்குப் பதிலா குடிச்சுக்கிட்டிருக்கேன். குறைய மாட்டேங்குது. தலைதான் சுத்துது. சின்ன வயசுல எங்க வீட்டுல எனக்கு 'மூட்டை'ன்னு பேரு. என் தம்பி சொல்லலியா?"

சொல்லவில்லை. தையல்காரி நாடாவைச் சுருட்டினாள். பிடித்துவைத்த மூச்சை நாத்தனார் இன்னும் விடவில்லை.

"மூச்ச விடுங்க அண்ணி," என்றாள். "விட்டாத்தான் அளவு சரியா வரும்."

கத்தரியை எடுத்தபோது கை கொஞ்ச நேரம் துணி மேலேயே நின்றது. பிறகு வழக்கத்தைவிடத் தாராளமாகவே வெட்டியது. அந்தக் கையின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

விழா அன்று மண்டபம் நிறையப் பெண்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒல்லிப் பெண்களின் மடியில் பணப்பைகள் தயாராக இருந்தன. நாத்தனார் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கினாள். தையல் பிரியவில்லை. இதோ என் தம்பி பெண்டாட்டி, நூலாக இருந்தவளை நான்தான் ஆளாக்கினேன் என்று மைக்கில் முழங்கினாள்.

பேசாமல் நிற்க வந்தவள் நாத்தனார் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அண்ணி சொல்றது பாதி நெசம். இந்த டப்பா என்னை வீங்க வெச்சுது. ஆஸ்பத்திரியில கொண்டு போயி விட்டுது. இதுல ஸ்டீராய்டு இருக்குன்னு எழுதின ரிப்போர்ட் இதோ. என்னத் தேத்தினது வேளா வேளைக்குச் சோறு, முட்டை, பால், வேர்க்கடலை, அப்புறம் இந்தக் கை தூக்கின பாரம். இதச் சாப்பிட்டுக்கிட்டிருக்கறவங்க சட்டுனு நிறுத்தாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. முதல்ல எங்க அண்ணி போகணும். அவங்களும் இதே கம்பெனியோட நீல டப்பாவத்தான் குடிச்சுக்கிட்டிருக்காங்க."

பணப்பைகள் மூடிக்கொண்ட சத்தம் மேடை வரை கேட்டது. நாத்தனாரின் முகம் வெளுத்த துணி மாதிரி ஆனது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் தையல்காரி இத்தனை நாளும் காத்திருந்தாள். பார்த்தாள். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. ஆனால் இனிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

நாத்தனார் வெகுகாலம் கடைப்பக்கம் வரவில்லை. வந்த அன்று கையில் அந்தச் சட்டை இருந்தது. டாக்டரம்மா சொல்லி நீல டப்பாவை விட்டுவிட்டாளாம். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தலைசுற்றல் போய்விட்டது, சட்டைதான் பிடிக்கிறது என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. தையல்காரி சட்டையைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினாள். இரண்டு ஓரத்திலும் தாராளமாகத் துணி இருந்தது.

"உங்கள நாறடிக்கணும்னு ஒட்ட வெட்டத்தான் பாத்தேன் அண்ணி," என்றாள். "மனசு வரல. நீங்க என்னை நூலுன்னீங்க, உங்கள யாரோ மூட்டைன்னாங்க. அந்தப் பேச்ச நம்பி ரெண்டு பேரும் விஷத்தக் குடிச்சோம். உடம்புக்குத் தக்கபடிதான் துணியத் தைக்கணும். ஊர் வாய்க்குத் தக்கபடி உடம்ப வெட்டித் தைக்கக் கூடாது."

நாத்தனார் இழுப்பறையைத் திறந்து வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு, ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கூலி எவ்வளவுன்னு சொல்லு," என்றாள்.