பின்பக்கம் பூசினாரா?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் காபியைக் கொட்டிய பாவத்துக்கு ஒரு சர்வீஸ் கடைப் படியேறினேன். அங்கே ஒரு பெண் மதர்போர்டை மேசையில் வைத்து, பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்குள் வாசலினை அப்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"தண்ணி போகாம இருக்கத்தான்."

"தண்ணி எங்கேருந்து வரும்?"

"காத்துலேருந்து."

அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். மீதியெல்லாம் என் கைவரிசை.

2

முதல் தொடக்கம்: "உறைநிலைக்குக் கீழே மனித உறவுகள்..." (அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது.)

இரண்டாவது தொடக்கத்தில் ஒரு மாமனும் மச்சானும் வந்தார்கள். இரண்டு பக்கம் எழுதியும் கிண்டலைத் தாண்டி வேலையில் இறங்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஆகவே ஓர் அண்ணி, அவருடைய நாத்தனார். அண்ணிக்குக் கணினி பழுது பார்க்கும் வேலை. நாத்தனாருக்குக் கணினிப் பைத்தியம். பிராசசரை அதன் சக்திக்கு மீறி ஓட்டி, இணையப் போட்டியில் மதிப்பெண் எடுப்பாள். அப்படி ஓட்டினால் அது கொதித்துப்போகும். அதனால் அதன் தலையில் ஒரு செம்புக் குவளையை வைத்துத் திரவ நைட்ரஜனை ஊற்றுவார்கள். மைனஸ் நூற்றெண்பது டிகிரி வரை போகும்.*

* ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியர்வை சாக்கெட்டுக்குள் வந்தால் எல்லாம் போச்சு. வாசலினால் இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை, தண்ணீருக்கும் இடமில்லை. சாக்கெட்டுக்கு நேர் பின்பக்கமும் குளிரும், அங்கேயும் பூசியாக வேண்டும். சுற்றிலும் நெயில் பாலிஷ், அதன்மேல் ஃபோம், அதன்மேல் டிஷ்யூ. (அடிக்குறிப்பு கதையைவிட நன்றாக வருகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

3

போன தடவை இந்த வாசலின், ஃபோம் கட்டையெல்லாம் அண்ணிதான் கட்டிக் கொடுத்தார். கச்சிதமான கட்டு. ஆனால் கணினி ஓடிக்கொண்டிருந்தபோதே அவருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று ஃபோமை ஓரமாக விலக்கி எட்டிப் பார்த்தார். காய்ந்துதான் கிடந்தது. அவர் விலக்கிய வழியாகத்தான் அறைக் காற்று உள்ளே போனது, ஈரம் படிந்தது, திரை இருண்டது, பிராசசர் போய்ச் சேர்ந்தது. குஞ்சு வந்துவிட்டதா என்று முட்டையை உடைத்துப் பார்த்த கதை.

நாத்தனார் கத்தவில்லை. "பரவாயில்ல அண்ணி" என்றாள்.

அதற்குப் பிறகு தன் போர்டைத் தானே கட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் புகுந்து, மூடியைத் திறந்து, உப்பு பத்தவில்லை என்று வம்பிழுப்பாள். இப்போது போட்டதைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்கிறாள். பிராசசர் போனதைவிட இந்த நன்றிதான் அண்ணிக்குப் பெரிய நஷ்டம்.

4

இன்று மதியம் நாத்தனாரே போர்டோடு வந்து நின்றாள். மணிக்கட்டில் சுளுக்காம், துணி சுற்றியிருந்தாள். (உண்மையான சுளுக்கா? தெரியாது. என் கதாபாத்திரம் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சட்டமில்லை.)

"நீங்களே கட்டிடுங்க அண்ணி. இடது கையால ஊத்திக்குவேன். இருக்கறது இந்த பிராசசர் ஒண்ணுதான், இதுபோல ஓடறது இன்னொண்ணு அமையாது."

அண்ணி கட்டினார். சாக்கெட்டுக்குள் வாசலினை வழித்து வழித்து நிரப்பினார். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து ஃபோமைச் சுற்றினார்.

நாத்தனார் ஊற்ற ஆரம்பித்தாள். குவளையிலிருந்து வெள்ளையாகப் புகை வழிந்தது. மைனஸ் நூறு. மைனஸ் நூற்றைம்பது. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அண்ணிக்குச் சுருக்கென்றது. போர்டின் பின்பக்கம், சாக்கெட்டுக்கு நேர் பின்னால், பூசினேனா? போன் வருவதற்கு முன்னால் முன்பக்கம் பூசியது நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு...

கை தானாக ஃபோம் பக்கம் போனது. அண்ணி அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

5

முடிவு ஒன்று: அண்ணி வாயைத் திறக்கவில்லை. (கோழைத்தனம். அவருடையதா என்னுடையதா என்று கேட்காதீர்கள்.)

முடிவு இரண்டு: அண்ணி பிரித்துப் பார்க்க... (மாட்டார். எழுதிப் பார்த்தேன், அவர் மசியவில்லை.)

முடிவு மூன்று:

"ஏய், ஒண்ணு சொல்லணும். பின்பக்கம் பூசினேனான்னு ஞாபகம் இல்ல."

நாத்தனாரின் கை அந்தரத்தில் நின்றது. "என்னது?"

"சத்தியமா ஞாபகம் இல்ல. பிரிச்சும் பாக்க மாட்டேன். ஊத்தறதா நிறுத்தறதான்னு நீ சொல்லு."

"அண்ணி! அறிவிருக்கா உங்களுக்கு? இப்ப வந்தா இதைச் சொல்வீங்க? போன தடவையே நாலு வார்த்த கேட்டிருக்கணும் உங்கள. எட்டிப் பாக்கற புத்தி! அன்னிக்கு ராத்திரி எப்படி அழுதேன் தெரியுமா?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க அழுவீங்க!"

"இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?" என்று அண்ணி மூக்கை உறிஞ்சினார். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எத்தனை மாதமாக இந்தக் குரலுக்கு ஏங்கியிருந்தார்!

திரையில் மதிப்பெண் ஓர் இடத்தில் தயங்கி நிற்கிறது. பின்பக்கம் வாசலின் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. அந்த இடத்தை நான் எழுதவே இல்லை. இப்போது மேலே போய் ஒரு வரி சேர்த்துவிடலாம். சேர்க்க மாட்டேன், அது எட்டிப் பார்ப்பதைவிடக் கேவலம். ஊற்றுவதா நிறுத்துவதா என்று நீங்களே முடிவு செய்து அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அவள் இன்னும் திட்டி முடிக்கவில்லை.