காலுக்குத் தெரிந்த ஏற்றம்

தன் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பஸ் டிரைவர் மனைவியோடு முதன்முதலாக நடக்கப் போனார். பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அதே தடத்தில் போட்ட நடைபாதை அது. போகும்போது அவர் கால்கள் தாமாக நகர்ந்தன.

"நாளைக்கே டிப்போவுக்குப் போறேன், பாரு."

திரும்பும்போது மூச்சு வாங்கியது. பாதை தட்டையாகத்தான் தெரிந்தது. பெஞ்சில் சரிந்தார்.

"என் கதை முடிஞ்சுதுடி."

"அதெல்லாம் இல்லைங்க, இது ஏத்தம்."

இரும்புச் சக்கரம் செங்குத்தான இடத்தில் வழுக்கும். அதனால் ரயில்பாதை போடுகிறவர்கள் ஏற்றத்தைக் கண்ணுக்கே தெரியாதபடி நீளமாக இழுத்துவிடுவார்கள்.

"அப்போ வரும்போது நல்லா நடந்தேனே?"

"அது இறக்கம். வண்டிய ஓட்டினது நீங்க இல்ல, சரிவு."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. டிப்போ மேலாளரைப் போனில் அழைத்து, இன்னும் ஒரு மாதம் விடுப்புக் கேட்டார்.